ஒன்றாம் தேதி இல்லாதவர்கள்



நம் வீடுகளில் ஒண்ணாம் தேதிக்கு ஒரு தனித் தெம்பு உண்டு. மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பது அந்தத் தேதியை நம்பித்தான். வீட்டுக்காரர் வாடகைக்குப் பொறுத்திருப்பதும் அதை நம்பித்தான். வங்கியில் கடன் கேட்டுப் போனால் முதலில் சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். உனக்கு ஒண்ணாம் தேதி உண்டா என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒண்ணாம் தேதி கிடையாது. மெய்ப்புப் பார்ப்பதும் மொழிபெயர்ப்பதும் என் தொழில். ஒருமுறை ஒரு நிறுவனத்துக்காகப் பெரிய பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பில் 48,000 ரூபாய். ஜனவரியில் பில்லைக் கொடுத்தாயிற்று. பிப்ரவரியில் கேட்டபோது, ‘அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பியாச்சு’ என்றார்கள். மார்ச்சில், ‘வருஷக் கடைசி சார், ஏப்ரல்ல பாருங்க.’ ஏப்ரலில் அந்த மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பில்லை மறுபடி அனுப்பச் சொன்னார். ஜூனில் செக் தயார், கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை. செப்டம்பரில் பணம் வந்தது, பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்தம் போக. அந்த எட்டு மாதத்தில் என் மனைவியின் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போய், வட்டி கட்டித் திரும்பி வந்தன. யாரும் என்னை ஏமாற்றவில்லை. பணம் தர மாட்டேன் என்று யாரும் சொல்லவுமில்லை. தேதி மட்டும் சொல்லவில்லை.

இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது சொந்தக் கதையாக இருக்கும். கல்யாண வீடியோ வெட்டித் தொகுப்பவர், புத்தக அட்டை வரைபவர், கச்சேரிக்கு வாசிப்பவர், படப்பிடிப்பில் தினப்படிக்கு வேலை செய்பவர், வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிகள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா’ என்பதற்கு முன்னால் ‘பேமென்ட் வந்துச்சா’ என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாளி இல்லாத ஒருவருக்கு ஒண்ணாம் தேதியை உண்டாக்கிக் கொடுக்க முடியுமா? முடியும் என்று செய்து காட்டிய ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அது பெல்ஜியத்தில் இருக்கிறது. பெயர் ஸ்மார்ட். கைப்பேசியோடு சம்பந்தமில்லை; ‘கலைஞர்களுக்கான பரஸ்பர உதவிச் சங்கம்’ என்ற பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து அப்படி ஆயின. 1998இல் பியேர் பூர்னோத், ஜூலெக் ஜுரோவிச் என்ற இருவர் தொடங்கினார்கள். தலைமை அலுவலகம் புரூஸெல்ஸ் நகரின் சான்-ஜில் பகுதியில் இருக்கிறது.

அவர்கள் தொடங்கியபோது எதிரில் இருந்த சிக்கல் மிகச் சிறியது, ஆனால் எவரையும் களைப்படையச் செய்வது. பெல்ஜியத்தில் ஊழியராக இருப்பவருக்கு நல்ல பாதுகாப்பு உண்டு. நோய்க்கு, விபத்துக்கு, முதுமைக்கு, வேலை இல்லாத காலத்துக்கு என எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்குள் நுழைய ஒரு முதலாளி வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அரசுக்குத் தகவல் கொடுத்து, சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டுகிற முதலாளி. ஒரு நாடக நடிகைக்கு இந்த மாதம் லியேழில் ஒரு காட்சி, அடுத்த மாதம் கென்ட்டில் இரண்டு, அதற்கப்புறம் ஒரு பள்ளியில் பட்டறை. அந்தப் பள்ளியோ சின்ன நாடக அரங்கோ ஒரு மாலைப் பொழுது வேலைக்காக ஒரு முதலாளியின் காகித வேலை முழுவதையும் செய்யுமா? செய்யாது. ‘பில் கொடுங்கள், பணம் கொடுக்கிறோம்’ என்பார்கள். ஆக, அந்த நடிகை ஆண்டு முழுதும் உழைத்தும் அரசாங்கக் கணக்கில் ஒருநாள்கூட வேலை செய்யாதவராக இருப்பார்.

ஸ்மார்ட் செய்தது இதுதான்: ‘உங்களுக்கெல்லாம் முதலாளியாக நாங்கள் இருக்கிறோம்’ என்றது.

எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கிளாரினெட் வாசிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கலாச்சார மையத்தில் வாசிக்க 1,000 யூரோ என்று பேசி முடிக்கிறார். பேரம் அவருடையது, வேலையைத் தேடிக்கொண்டதும் அவர்தான். வாசிப்பதற்கு முன்பே ஸ்மார்ட்டின் இணையப் பக்கத்தில் தேதி, இடம், தொகை ஆகியவற்றைப் பதிகிறார். அந்த நாளுக்கு அவர் ஸ்மார்ட்டின் ஊழியர் ஆகிறார். வேலை ஒப்பந்தம் உண்டு, விபத்துக் காப்பீடு உண்டு. கலாச்சார மையத்துக்கு பில் அனுப்புவது ஸ்மார்ட். அந்த 1,000 யூரோவில் 6.5 சதவீதம், அதாவது 65 யூரோ, கூட்டுறவுக்குப் போகிறது. மீதி 935இல் முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புச் சந்தா ஒரு பங்கு, ஊழியர் கட்ட வேண்டிய 13.07 சதவீதம் ஒரு பங்கு, வருமான வரி முன்பிடித்தம் ஒரு பங்கு. எல்லாம் போக அந்தப் பெண்ணின் கைக்கு ஏறக்குறையப் பாதி வருகிறது.

பாதிதானா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் முதலில் அப்படித்தான் சுளித்தேன். 1,000 ரூபாய்க்குப் பேசிவிட்டு 500 வாங்கிக்கொண்டு போவதற்கா ஒரு சங்கம்? ஆனால் போன பாதி எங்கே போயிற்று என்று பாருங்கள். ஒரு பங்கு ஓய்வூதியத்துக்கு. இன்னொரு பங்கு அவர் காய்ச்சலில் படுத்தால் வரும் படிக்கு. இன்னொன்று வேலை கிடைக்காத மாதங்களுக்கு. மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கும் இதெல்லாம் போகத்தான் செய்கிறது. அவர் கண்ணில் படாமல் போகிறது, அதனால் வலிப்பதில்லை. நாம் முழுத் தொகையையும் கையில் வாங்கிக்கொண்டு, அதை முழு வருமானம் என்று நம்பிச் செலவழித்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் அதில் பாதி நம்முடையது இல்லை என்று கண்டுபிடிக்கிறோம். இதைத் தெரிந்துகொண்டதும் என் கூலி விகிதத்தையே மாற்றினேன். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்லும்போது, உழைக்காத நாளுக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது இருபது ஆண்டு கழித்துத்தான் உறைத்தது.

வேலை இல்லாத காலத்துப் படி என்றேனே, அதற்கும் கணக்கு உண்டு. 2016ஐ ஒட்டிய ஆண்டுகளில், 36 வயதுக்கு உட்பட்ட ஒருவர் 21 மாதங்களுக்குள் 312 நாள் வேலை செய்ததாகக் காட்டினால்தான் அந்தப் படிக்குத் தகுதி. மேடையில் ஒரு மாலை வாசிப்பவர் 312 நாளுக்கு எங்கே போவார்? அதற்காகக் கலைஞர்களுக்கென ஒரு விதி வைத்திருந்தார்கள்: வாங்கிய கூலித் தொகையை ஒரு குறிப்பிட்ட அளவால் வகுத்து, அதை நாட்களாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாலை மேடைக்குப் பின்னால் மாதக்கணக்கான ஒத்திகை இருக்கிறது என்பதை ஒரு வகுத்தல் கணக்கு ஏற்றுக்கொண்டது, பாருங்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டமும் முக்கியமானது. எழுதுபவர், வரைபவர், இசையமைப்பவர் ஆகியோருக்கும் ஊழியர்களுக்கான பாதுகாப்பு 2003 ஜூலை முதல் விரிந்தது.

இப்போது என் வளையல் கதைக்கு வருகிறேன்.

ஸ்மார்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு உத்தரவாத நிதி. வேலை முடிந்து ஏழு நாளுக்குள் உறுப்பினருக்குக் கூலி போய்விடும். பில் வாங்கியவர் பணம் கட்டியிருந்தாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி. ‘சார் ஊர்ல இல்ல’ என்ற பதிலைக் கேட்க வேண்டியது கூட்டுறவின் வேலை. கடிதம் எழுதுவது, நினைவூட்டுவது, வழக்குப் போடுவது எல்லாம் அதன் பாடு. கிளாரினெட் வாசித்த பெண் தன் வாடகையைக் கட்டிவிட்டு அடுத்த மேடைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்.

இது எப்படிக் கட்டுப்படியாகிறது? அந்த 65 யூரோவில் ஒரு துளி இதற்கென்று ஒதுக்கப்படுகிறது. ஒருவருக்கு ஒரு பாக்கி வராமல் போனால் அவர் குடும்பம் ஆடிப்போகும். ஆயிரக்கணக்கானவர்களின் பில்கள் ஒரே இடத்தில் சேரும்போது அதில் எத்தனை தாமதமாகும், எத்தனை வராமலே போகும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்த எண் ஆகிவிடுகிறது. தெரிந்த எண்ணுக்கு நிதி ஒதுக்கலாம். தனி ஆளுக்கு அது விதி. சேர்ந்தவர்களுக்கு அது ஒரு செலவுக் கணக்கு. இன்னொன்றும் உண்டு. ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு எட்டு மாதம் பணம் தராமல் இருக்க எந்த நிறுவனத்துக்கும் துணிவு தேவையில்லை. வழக்குப் பிரிவு வைத்திருக்கும் ஓர் அமைப்பின் பில்லை மேசை மாற்றி மேசை தள்ளுவது அவ்வளவு சுலபமில்லை.

அந்த நிதிக்கு நிஜமான சோதனை 2016இல் வந்தது.

அப்போது ஸ்மார்ட் கலைஞர்களைத் தாண்டி வளர்ந்திருந்தது. நிகழ்ச்சி நடத்துபவர்கள், பயிற்சியாளர்கள், வடிவமைப்பாளர்கள், பத்திரிகையாளர்கள் எல்லாரும் உள்ளே வந்திருந்தார்கள். சைக்கிளில் உணவு கொண்டுபோகும் இளைஞர்களும் தாங்களாகவே வந்து சேரத் தொடங்கினார்கள். புரூஸெல்ஸில் டெலிவரூ என்ற உணவுச் செயலி நிறுவனம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊரிலேயே பிறந்த டேக் ஈட் ஈஸி என்ற நிறுவனமும் இருந்தது. 2016 மே மாதம் ஸ்மார்ட் இந்த இரண்டோடும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. ஒரு முறை வேலைக்கு வந்தால் குறைந்தது மூன்று மணி நேரக் கூலி. சைக்கிளுக்குப் பாதுகாப்புச் சோதனை. கைப்பேசிச் செலவில் ஒரு பங்கு. விபத்துக் காப்பீடு. மழையில் ஆர்டர் இல்லாமல் தெருமுனையில் நிற்கும் ஒரு மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தானது.

இரண்டே மாதம். ஜூலைக் கடைசியில் டேக் ஈட் ஈஸி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. அந்த மாதம் முழுதும் மிதித்தவர்களின் கூலி பாக்கி. திவாலான நிறுவனத்திடம் பாக்கி வாங்குவது எப்படியென்று உங்களுக்கே தெரியும். வங்கி முதலில், மற்ற கடன்காரர்கள் பிறகு, வரிசையின் வாலில் சைக்கிள்காரன். ஆனால் ஸ்மார்ட் வழியாக வேலை செய்த நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு உத்தரவாத நிதியிலிருந்து கூலி போயிற்று. மொத்தம் ஏறக்குறைய 3,40,000 யூரோ. கிளாரினெட் வாசித்தவரும் மொழிபெயர்த்தவரும் முகமூடி செய்தவரும் ஒவ்வொரு பில்லிலும் விட்டுவைத்த துளிகள் அவை. அதுவரை அந்தச் சைக்கிள்காரர்களில் ஒருவரைக்கூட அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே கூட்டுறவு என்ற சொல்லின் மேல் எனக்கு மறுபடி மரியாதை வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நம் ஊரில் அந்தச் சொல் ரேஷன் கடை, நகைக் கடன் தள்ளுபடி, சங்கத் தேர்தல் என்று சுருங்கிக் கிடக்கிறது.

அந்த 2016ஆம் ஆண்டின் கடைசியில்தான் ஸ்மார்ட் சட்டப்படி ஒரு கூட்டுறவுச் சங்கமாகவே மாறியது. அதுவரை அது ஒரு லாப நோக்கற்ற அமைப்பு. உறுப்பினர்களோடு நீண்ட கலந்துரையாடல் நடத்திய பிறகு மாற்றினார்கள். ஒரு பங்கு 30 யூரோ. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் பொதுக்குழுவில் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆக, கிளாரினெட் வாசிக்கும் அந்தப் பெண் தன் முதலாளியைத் தானே தேர்ந்தெடுக்கிறார். அந்த முதலாளியில் தானும் ஒரு பங்கு.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. சைக்கிள்காரர்களுக்காகத் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து கூட்டு ஒப்பந்தம் ஒன்றுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். 2017 அக்டோபரில் டெலிவரூ ஸ்மார்ட்டுடனான உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. 2018 தொடக்கத்தில் எல்லாரும் சுயதொழில் செய்பவர்கள் ஆக்கப்பட்டார்கள். மணிக்கணக்குக் கூலி போய் ஆர்டர் கணக்கு வந்தது. இளைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பலிக்கவில்லை. அதன்பின் வழக்கு. 2023 டிசம்பர் 21 அன்று புரூஸெல்ஸ் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் டெலிவரூவில் வேலை செய்தவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. 2016 மே மாதம் ஸ்மார்ட் பேசி வாங்கியதன் சாரத்துக்கு நீதிமன்றம் வந்து சேர ஏழரை ஆண்டு பிடித்தது.

இதிலிருந்து கூட்டுறவு தோற்றது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அதன் கை எங்கே எட்டாது என்பது தெரிந்துவிட்டது. வேலை கொடுப்பவர் சின்னவராக இருக்கும்போது, அதாவது ஒரு பள்ளி, ஒரு நாடக அரங்கு, ஒரு பதிப்பகமாக இருக்கும்போது, கூட்டுறவு பெரிய ஆள். வேலை கொடுப்பவர் ஒருவரே, அவரும் பல நாடுகளில் கடை விரித்தவர் என்றால், அவர் எழுந்து போய்விடலாம். கூட்டுறவால் பிடித்து வைக்க முடியாது. அங்கே சட்டம் வேண்டும், தொழிற்சங்கம் வேண்டும். தொழிற்சங்கங்களிலும் ஸ்மார்ட்டைச் சந்தேகமாகப் பார்த்தவர்கள் உண்டு. ‘முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் தொழிலாளியின் தொகையிலிருந்துதானே எடுக்கிறீர்கள், உண்மையான முதலாளி தப்பித்துவிடுகிறானே’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பேசும் விலை மட்டமாக இருந்தால் எந்தக் கூட்டுறவும் அதை உயர்த்தித் தராது. மட்டமான விலையை ஒழுங்காகப் பங்கிட்டுத் தரும், அவ்வளவுதான். இதை மறைத்துவிட்டு இந்த ஏற்பாட்டை உங்கள் முன் புகழ்ந்தால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

‘முதலாளி யார்?’ என்ற கேள்வி நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1972இல் அகமதாபாத்தில் எலா பட் அவர்கள் கூடை சுமப்பவர், காய்கறி விற்பவர், வீட்டிலிருந்து துணி தைப்பவர் ஆகிய பெண்களைச் சேர்த்துத் தொழிற்சங்கம் பதிவு செய்யப் போனார். தொழிலாளர் துறை தயங்கியது. இவர்களுக்கு முதலாளியே இல்லை, யாரை எதிர்த்துப் போராடச் சங்கம் என்பது அதிகாரிகளின் வாதம். சங்கம் முதலாளிக்கு எதிராக மட்டும் இல்லை, தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதற்காகவும் இருக்கிறது என்று அவர் வாதாடி, அந்த ஏப்ரலில் பதிவு பெற்றார். சேவா என்ற அந்தச் சங்கம் பிறந்தது. 1974இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். முதலாளி இல்லாதவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு எப்படி என்று உலகம் யோசிக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே நம் பெண்கள் அதைத் தலைச்சுமையோடு செய்து முடித்திருந்தார்கள். ஐரோப்பாவில் இன்று இதைப் பற்றி எழுதுபவர்கள் பலர் சேவாவைக் குறிப்பிடாமல் எழுதுவது எனக்கு ஆதங்கம்தான்.

ஸ்மார்ட் தனியாகவும் இல்லை. இத்தாலியில் வெரோனா நகரத்து இசைக் கலைஞர்கள் 1990இலேயே டாக் செர்விசி என்ற கூட்டுறவை அமைத்தார்கள். பிரான்ஸில் 1995இல் லியோனில் தொடங்கிய ஒரு முயற்சி வளர்ந்து, சுயமாகத் தொழில் செய்பவர் கூட்டுறவின் ஊழியராகவும் இருக்கலாம் என்பதை 2014 ஜூலைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. இவற்றை விரித்துச் சொல்ல நேரமில்லை. நெதர்லாந்துக் கதை ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் அது நம் மொய் நோட்டைப் போலவே இருக்கிறது.

அங்கே சுயதொழில் செய்பவர்களுக்கு உடல் முடியாமல் போனால் கிடைத்துவந்த அரசுக் காப்பீடு 2004இல் நிறுத்தப்பட்டது. தனியார் காப்பீட்டின் பிரீமியம் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. 2006இல் சிலர் ஒன்றுகூடி ஒரு குழு அமைத்தார்கள். பெயர் ப்ரோட்ஃபோன்ட்ஸ். ரொட்டி நிதி என்று பொருள். நாம் சோற்று நிதி என்று சொல்லலாம். ஒரு குழுவில் குறைந்தது இருபது பேர், அதிகம் போனால் ஐம்பது பேர். அதற்கு மேல் சேர்ப்பதில்லை. ஐம்பதைத் தாண்டினால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல் போய்விடும் என்பதுதான் காரணம். ஒவ்வொருவரும் மாதாமாதம் தன் பெயரிலேயே இருக்கும் கணக்கில் ஒரு தொகை போட்டுவருவார். குழுவில் ஒருவர் நோயில் விழுந்து வேலை செய்ய முடியாமல் ஒரு மாதம் கடந்தால், மற்ற எல்லாருடைய கணக்கிலிருந்தும் ஆளுக்கு ஒரு சிறு தொகை அவருக்கு நன்கொடையாகப் போகும். மாதம் 112.50 யூரோ போட்டுவந்தவருக்கு மாதம் 2,500 யூரோ வரை. 33.75 போட்டவருக்கு 750. அதிகபட்சம் இரண்டு ஆண்டு. இன்று இப்படி நூற்றுக்கணக்கான குழுக்கள் இருக்கின்றன. குழுவை விட்டுப் போகும்போது தன் கணக்கில் மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம்.

புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இலை போட்டு விருந்து வைத்து, பெயரும் தொகையும் நோட்டில் எழுதி, ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் கையில் பெருந்தொகையைச் சேர்த்துவிடுகிறோம். ஆனால் மொய் திரும்பச் செய்ய வேண்டியது, போட்டதற்குக் கூட்டியே போட வேண்டியது. அது கடன். நோயாளிக்குக் கடன் கொடுத்தால் அவர் எழுந்ததும் மறுபடி படுத்துவிடுவார். டச்சுக்காரர்கள் அந்த ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்திருக்கிறார்கள். வந்ததைத் திருப்ப வேண்டியதில்லை. மாதச் சந்தாவை மட்டும் தொடர்ந்தால் போதும்.

ரொட்டி என்ற சொல்லைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, இது என் ஊகம் மட்டும்தான். பக்கத்து பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1880களில் எட்வார்ட் அன்சேலும் அவர் தோழர்களும் ஃபோரைட் என்ற கூட்டுறவு ரொட்டிக்கடையை வளர்த்தார்கள். நெசவாலைத் தொழிலாளிகள் அங்கே ரொட்டி வாங்குவார்கள். வந்த லாபம் அவர்களுக்கே வில்லைகளாகத் திரும்பும். அந்த வில்லையைக் கொடுத்துச் சங்கத்தின் கடைகளில் சாமான் வாங்கலாம். உறுப்பினர் நோயில் படுத்தால் வீட்டுக்கு இலவசமாக ரொட்டி போகும். சமூகப் பாதுகாப்பு என்ற பெரிய சொல் பிறப்பதற்கு முன்னால் அது ஒரு ரொட்டியாக ஒரு நெசவாளியின் கதவைத் தட்டியிருக்கிறது.

சரி, நம் ஊரில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கூட்டுறவு நமக்கு அந்நியமில்லை. 1904இல் சட்டம் வந்த அந்த ஆண்டே திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் கடன் சங்கம் பதிவாயிற்று. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு நலவாரியங்கள் அமைக்க 1982லேயே தமிழ்நாடு சட்டம் போட்டது. செயலி வழி வேலை செய்பவர்களுக்கும் ஒரு நலவாரியம் 2023இல் அமைந்தது. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை தர வேண்டும் என்கிறது அது. இவையெல்லாம் வேண்டும். போராடிக் கிடைத்தவை, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாரியம் உதவித்தொகை தரும். என் பில்லை ஏழாம் நாள் பணமாக்கித் தராது.

இன்னொரு பக்கம், இஎஸ்ஐ வேண்டுமென்றால் பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். பிஎஃப் வேண்டுமென்றால் இருபது பேர். நான் ஒருவன். நீங்கள் ஒருவர். இந்த அரங்கில் மட்டும் எண்ணிப் பார்த்தேன், நூற்றுப்பத்துப் பேருக்குக் குறைவில்லை. தனித்தனியாக இருந்தால் சட்டத்தின் கண்ணில் நாம் ஒரு நிறுவனமும் இல்லை, ஊழியரும் இல்லை. நமக்கென்று ஒரு சங்கம் நம்மை வேலைக்கு வைத்தால், அந்த எண்கள் ஒரே நாளில் தாண்டப்பட்டுவிடும். பெல்ஜியத்தில் இருக்கும் அளவுக்கு வேலையின்மைப் படி இங்கே இல்லை, தெரியும். நம் சங்கச் சட்டம் இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கும், எங்கே திருத்தம் கேட்க வேண்டும் என்பதை வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உத்தரவாத நிதிக்கு முதலில் எவ்வளவு பணம் வேண்டும்? யாரும் ஊகிக்க வேண்டாம். நம் பாக்கிகள் எத்தனை நாள் தாமதமாகின்றன, எத்தனை வராமலே போகின்றன என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். வெளியே தேநீர் வைத்திருக்கும் மேசையில் ஒரு நீண்ட நோட்டு இருக்கிறது. நான்கு கட்டங்கள் கோடு போட்டிருக்கிறேன்: என்ன வேலை, பில் தொகை, பில் கொடுத்த தேதி, பணம் வந்த தேதி. உங்கள் பெயர் வேண்டாம். யாருக்கு வேலை செய்தீர்கள் என்பதும் வேண்டாம். கடைசி மூன்று பில்களை மட்டும் எழுதுங்கள். பணம் இன்னும் வரவில்லையென்றால் நான்காவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். முதல் வரியில் என்னுடையதை எழுதி வைத்திருக்கிறேன்.